வாள் பறிபோன பிறகு

(பாலவாக்கத்தில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சாமுராய்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டவர்கள் பின்வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள்தான். கராத்தே வகுப்பிலும் அனிமே தொடர்களிலும் அவர்கள் பார்த்துப் பழகிய சாமுராய் ஒருவன் இருக்கிறான். இரண்டு வாள் செருகியவன், அதிகம் பேசாதவன், தலைவனுக்காக உயிரைத் தூசாக மதிப்பவன். அவனைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அவன் என்ன சாப்பிட்டான், அந்தச் சோறு எந்த வயலிலிருந்து வந்தது என்ற கேள்வியிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

குரோசாவா 1954இல் எடுத்த 'செவன் சாமுராய்' படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அறுவடைக்குக் காத்திருக்கும் ஒரு மலையடிவாரக் கிராமம். கொள்ளையர்கள் வரப்போகிறார்கள். ஊர்க்காரர்கள் காவலுக்கு ஆள் தேடிப் போகிறார்கள். கொடுக்க அவர்களிடம் காசு இல்லை, அரிசிதான் இருக்கிறது. அந்த அரிசியையும் சாமுராய்களுக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் சிறுதானியம் தின்கிறார்கள். போர்க் காட்சிகளையெல்லாம் மறந்த பிறகும் இந்த ஒன்று என் மனத்தில் நிற்கிறது. காவல் காப்பவனுக்கும் கதிர் அறுப்பவனுக்கும் நடுவில் இருக்கும் உறவை அது அப்படியே திறந்து காட்டிவிடுகிறது. வீரம், விசுவாசம், மானம் எல்லாம் அந்த உறவின்மேல் பின்னால் எழுந்த மாடிகள். ஜப்பானில் மட்டுமல்ல, நம் நாட்டிலும் அப்படித்தான் நடந்தது.

முதலில் ஜப்பானுக்குப் போவோம். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் கியோட்டோவில் பேரரசரும் பிரபுக்களும் கவிதை எழுதிக்கொண்டும் பட்டாடையின் நிற அழகைப் பேசிக்கொண்டும் இருந்தார்கள். நாட்டுப்புறத்தில் நிலம் மெல்ல மெல்லக் கைமாறிக்கொண்டிருந்தது. கோயில்களும் பெருங்குடும்பங்களும் வரிவிலக்குப் பெற்ற பண்ணைகளைச் சேர்த்துக்கொண்டன. ஷோயென் என்று அவற்றைச் சொல்வார்கள். நம் ஊரின் பிரமதேயத்தையும் தேவதானத்தையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தலைநகரில் இருக்கும் உடைமைக்காரர் நேரில் வந்து விளைச்சலை அளக்கமாட்டார். அளப்பதற்கும், அளந்ததைக் காப்பதற்கும், அண்டைப் பண்ணைக்காரன் எல்லைக்கல்லை நகர்த்தினால் விரட்டுவதற்கும் உள்ளூரில் ஆள் வேண்டும். குதிரை ஏறவும் வில் வளைக்கவும் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள்தான் முதல் சாமுராய். தொடக்க காலத்தில் அவனுடைய பெருமை வில்லில்தான் இருந்தது. வாளுக்கு அந்த மரியாதை வந்தது வெகுகாலம் கழித்து.

தங்கள் பலத்தை இவர்கள் உணர நெடுநாள் ஆகவில்லை. 939இல் கிழக்கு ஜப்பானில் தாய்ரா நோ மசகாதோ என்பவன் தன்னையே புதிய பேரரசன் என்று அறிவித்துக்கொண்டான். அடுத்த ஆண்டே கொல்லப்பட்டான். அவனை அடக்கியவர்களும் அவனைப் போன்ற நாட்டுப்புறப் போர்வீரர்கள்தான் என்பதைக் கவனியுங்கள். பிறகு தாய்ரா, மினமோத்தோ என்ற இரண்டு பெருங்குடிகளுக்கு இடையே 1180 முதல் 1185 வரை நடந்த போரில் மினமோத்தோ வென்றது. அதன் தலைவன் யோரித்தோமோ, கியோட்டோவை விட்டு விலகிக் காமகுராவில் தன் ஆட்சியை நிறுவினான். 1192இல் ஷோகுன் என்ற தலைமைப் படைத்தலைவர் பட்டம் பெற்றான். தன்னைச் சேர்ந்த வீரர்களைப் பண்ணைகளின் மேற்பார்வையாளர்களாக நியமிக்கும் உரிமையைப் பேரரசரிடமிருந்து பெற்றதுதான் அவன் செய்த பெரிய காரியம். விளைச்சலில் ஒரு பங்கு அந்த மேற்பார்வையாளனுக்கு உரிமையாயிற்று. நிலமானிய முறை அங்கே வேர்விட்டது இப்படித்தான். தலைவன் நிலத்தின் பயனைத் தருவான், வீரன் போரில் உழைப்பைத் தருவான். இரண்டு பக்கமும் கணக்கு வைத்திருந்தார்கள்.

கணக்கு என்று சொன்னதற்கு ஓர் ஆளைக் காட்டுகிறேன். 1274இல் மங்கோலியப் பேரரசன் குப்ளாய் கானின் கப்பற்படை ஜப்பானைத் தாக்கியது. தென்மேற்கே கியூஷூ தீவில் தாகெசாகி சுயெனாகா என்றொரு சிறிய வீரன், தனக்குப் பின்னால் நான்கைந்து ஆட்களை வைத்துக்கொண்டு முதல் ஆளாகப் பாய்ந்தான். பரிசு வரவில்லை. அறிக்கையில் அவன் பெயரே இல்லை. மறு ஆண்டு வழிச்செலவுக்குக் குதிரையையும் சேணத்தையும் விற்றுவிட்டுத் தீவின் ஒரு கோடியிலிருந்து காமகுராவுக்குப் போய் அதிகாரியின் முன் நின்று வாதாடினான். தனக்குரிய நிலப் பதவியை வாங்கிக்கொண்டுதான் திரும்பினான். தான் போரிட்டதை ஓவியச் சுருளாகவும் தீட்டவைத்தான். அந்தச் சுருள் இன்றும் இருக்கிறது. மங்கோலியப் படையெடுப்பைப் பற்றி நமக்குக் கிடைக்கும் அருமையான சான்று அது. விசுவாசத்தின் சின்னமாக நாம் கொண்டாடும் சாமுராய், கூலி கேட்டு நடையாய் நடந்தவன். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவன் பக்கம் நியாயம் இருந்தது. 1281இல் மங்கோலியர் இரண்டாம் முறை வந்து தோற்றபோது, எதிரியிடமிருந்து பிடுங்கிப் பங்குபோட ஒரு காணி நிலமும் காமகுராவுக்குக் கிடைக்கவில்லை. போரிட்டவர்களின் மனக்கசப்பு வளர்ந்தது. 1333இல் காமகுரா ஆட்சி விழுந்ததற்கு இந்தக் கசப்பும் ஒரு முக்கியக் காரணம்.

இனி நம் பக்கம் வருவோம். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வுக் குழு கண்டெடுத்த நடுகற்கள் மூன்று. தமிழ் பிராமி எழுத்தில் பெயர் பொறித்தவை. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்த ஒருவனுக்காக நட்டது. ஆகோள் என்றால் மாட்டு மந்தையைக் கவர்தல். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட கல் அது. நடுகல்லுக்கு உரிய கல்லைத் தேர்வதிலிருந்து நட்டு வாழ்த்துவது வரையிலான சடங்குகளைத் தொல்காப்பியம் சொல்வதைப் புலவர்களின் கற்பனை என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்தக் கல் பதில் சொல்லிவிட்டது.

அங்கிருந்து பல்லவர் காலத்துக்கு வந்தால் செங்கம் வட்டாரத்தில் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. எடுத்தனூர்க் கல்லை மட்டும் சொல்கிறேன். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போராடிக் கருந்தேவக்கத்தி என்ற இளைஞன் மடிகிறான். கல்லில் வில்லோடும் வாளோடும் அவன் உருவம். பின்னால் ஒரு நாய். அந்த நாயின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது: கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதாம். அரசன் பெயரும், வீரன் பெயரும், நாயின் பெயரும் ஒரே கல்லில் இருக்கின்றன. விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்தில் சண்டையில் மடிந்த சேவலுக்கும் கல் நட்டிருக்கிறார்கள். அரசவைப் புலவர் பாடிய வீரம் ஒன்று. தன் மாட்டை மீட்டுத் தந்தவனை ஊர் மறக்காமல் வைத்திருந்த வீரம் இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் நெருக்கமானது. அந்த நினைவில் ஒரு நாய்க்கும் சேவலுக்கும் இடம் இருந்தது. இன்று நடுகல்லை எந்த ஒரு சாதியின் பட்டயமாகவும் காட்டிக்கொண்டு வருவோரை நான் ஏற்கமாட்டேன்.

நடுகல்லில் பலர் கவனிக்காமல் போகும் செய்தி ஒன்று உண்டு. இறந்தவனின் குடும்பத்துக்கு நிலம் விட்டார்கள். உதிரப்பட்டி என்று கல்வெட்டு அதைச் சொல்கிறது. சிந்திய இரத்தத்துக்கு ஊர் கொடுத்த நிலம். சோழர் காலம் வரும்போது இந்த ஏற்பாடு பெரிதாகிறது. படைப்பற்று என்று படையினருக்கு விட்ட ஊர்களும், சீவிதம் என்று பணி செய்பவருக்கு விட்ட நிலங்களும் கல்வெட்டுகளில் வருகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரைப் பாருங்கள். அரசனின் விருதுப்பெயரைத் தன் பெயராகச் சூட்டிக்கொண்ட படைப்பிரிவுகள் அங்கே அணிவகுத்து நிற்கும். மும்முடிச்சோழத் தெரிந்த பரிவாரத்தார், கேரளாந்தகத் தெரிந்த பரிவாரத்தார், இராஜராஜத் தெரிந்த வலங்கை வேளைக்காரர் என்று பட்டியல் நீள்கிறது.

இந்த இடத்தில் ஒரு ஜப்பானியருக்கு நன்றி சொல்லியாக வேண்டும். நொபொரு கராஷிமா 1933இல் பிறந்தவர். இளம் ஆய்வாளராகச் சென்னைக்கு வந்து தமிழ்க் கல்வெட்டுகளைப் படித்தார். யார் நிலத்தை யார் விற்றார், யார் வாங்கினார், எப்போது தனியார் கைக்கு நிலம் குவியத் தொடங்கியது என்று கல்வெட்டுச் சொற்களை எண்ணி எண்ணிக் கணக்கெடுத்தவர். எ. சுப்பராயலுவோடு சேர்ந்து அவர் செய்த வேலை இல்லாவிட்டால் சோழர் கால நிலவுடைமையைப் பற்றி நாம் இன்றும் வாய்ப்பேச்சாகவே பேசிக்கொண்டிருப்போம். விஜயநகர காலத்து நாயக்க முறையை நிலமானிய முறையின் தன்மை உடையதாக அவர் பார்த்தார். 2013இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது, 2015இல் மறைந்தார். சாமுராய் படம் பார்த்துவிட்டு நாம் ஜப்பானை வியக்கிறோம். அவர் நம் ஊர்க் கோயில் அடித்தளத்தில் குனிந்து உட்கார்ந்து நம் உழவனின் நிலக்கணக்கை வாசித்தார்.

தலைவனோடு சேர்ந்து சாவது என்ற வழக்கத்தைப் பற்றி இளைஞர்கள் கட்டாயம் கேட்பீர்கள். மார்க்கோ போலோவின் நூலில் அதற்கு வியப்பான ஒரு பதில் இருக்கிறது. குப்ளாய் கானிடம் பணிபுரிந்த அவர், கான் ஜப்பானுக்கு அனுப்பிய படையெடுப்பைப் பற்றியும் எழுதுகிறார். ஊர் திரும்பும் வழியில் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரையை அடைந்து அங்கே கண்டதையும் கேட்டதையும் எழுதுகிறார். அரசனோடு எப்போதும் இருக்கும் மெய்க்காவலர் கூட்டம் ஒன்று உண்டு, அரசன் இறந்து உடலுக்கு எரியூட்டும்போது அவர்களும் அதே தீயில் பாய்ந்துவிடுவார்கள் என்கிறார். அரசனுக்காக உயிரைப் பணயம் வைத்த பாண்டியரின் ஆபத்துதவிகள், சோழரின் வேளைக்காரர் ஆகியோரோடு இந்தச் செய்தி பொருந்திப் போகிறது. உயிர்ப்பலியின் உருவத்தைப் பார்க்க வேண்டுமானால், இதோ வாசலில் ஓடும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே ஒரு மணி நேரம் போனால் போதும். மாமல்லபுரத்துத் திரௌபதி ரதத்துக்குள் கொற்றவையின் காலடியில் மண்டியிட்டிருக்கும் ஒருவன், ஒரு கையால் தன் குடுமியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வாளைக் கழுத்துக்குக் கொண்டுபோகிறான். கூட்டம் கூட்டமாக வரும் பயணிகளில் பலர் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. அடுத்த முறை போகும்போது பாருங்கள்.

தலைவனோடு சேர்ந்து சாவதற்கு ஜப்பானில் ஜுன்ஷி என்று பெயர். 1651இல் ஷோகுன் தோகுகாவா இயெமித்சு இறந்தபோது மூத்த அமைச்சர்கள் உட்படச் சிலர் வயிற்றைக் கீறிக்கொண்டு மாண்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 1663இல் அரசே அதைத் தடை செய்தது. நல்ல நிர்வாகிகளை இழக்க அரசுக்கு மனமில்லை.

இனி நான் சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்த வரலாறு. சற்று நிதானமாகச் சொல்ல அனுமதியுங்கள். முதலாம் பராந்தகனின் மகன் இராஜாதித்தன், வடக்கேயிருந்து வரும் இராஷ்டிரகூடப் படையை எதிர்பார்த்துத் திருமுனைப்பாடி நாட்டில் திருநாவலூர்ப் பக்கம் பெரும்படையோடு தங்கியிருந்தான். அவனுடைய படைத்தலைவன் வெள்ளன் குமரன், மலைநாட்டுக்காரன். பெண்ணையாற்றங்கரையில் கிராமம் என்ற ஊரில் 943இல் அவன் எடுப்பித்த சிவன் கோயில் இருக்கிறது. 949இல் அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் போர் நடந்தது. யானைமேல் இருந்த இராஜாதித்தனை, இராஷ்டிரகூடர் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகன் கொன்றான். இளவரசன் வீழ்ந்தான், சோழர் படை சிதறியது. வெள்ளன் குமரன் அன்று போர்க்களத்தில் இல்லை.

என்ன காரணத்தால் இல்லை என்பது முக்கியமில்லை. தலைவன் செத்த இடத்தில் தான் இல்லாமல் போனது அவனை அரித்தது. திருவொற்றியூர்க் கோயிலில் இராஷ்டிரகூட மன்னன் கன்னரதேவன் காலத்து வடமொழிக் கல்வெட்டு ஒன்று, கேரளத்தில் பிறந்து இராஜாதித்தனுக்கு நண்பனாக இருந்து, அவனோடு போரில் மடிய முடியாமல் போன வெட்கத்தால் உலகைத் துறந்து, திருவொற்றியூர் மடத்தில் சதுரானன பண்டிதராக அமர்ந்த ஒருவரைச் சொல்கிறது. அவர்தான் வெள்ளன் குமரன் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். நம் சென்னையின் வடகோடியில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஒரு படைத்தலைவன் வாளைக் கீழே வைத்துவிட்டு எஞ்சிய வாழ்நாளைக் கழித்தான். கோயிலுக்குப் பொன் கொடுத்தான், தன் பிறந்தநாளில் பூசைக்கு ஏற்பாடு செய்தான்.

இராஜாதித்தனைக் கொன்றவர்கள் பக்கத்திலும் ஒரு கல் இருக்கிறது. கர்நாடகத்து ஆதகூரில் கிடைத்த அந்தக் கல் தக்கோலப் போரைச் சொல்கிறது. போரில் பேர் பெற்ற மணலேரன் என்ற வீரன் பூதுகனிடம் பரிசாகக் கேட்டது காளி என்ற வேட்டைநாயை. அந்த நாய் ஒரு காட்டுப்பன்றியோடு பொருது, இரண்டும் மடிந்தன. கல் அந்த நாய்க்காகத்தான் நடப்பட்டது. தென்னாட்டின் தலையெழுத்தை மாற்றிய ஒரு போரின் செய்தி, ஒரு நாயின் நினைவுக்கல்லில் நமக்குக் கிடைத்திருக்கிறது.

வெள்ளன் குமரனைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு யாமமோத்தோ த்சுனேதோமோ நினைவுக்கு வருகிறார். சாமுராய் நெறிக்கு வேதம் போலக் காட்டப்படும் 'ஹாகாகுரே' நூல் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது, 1716 வாக்கில் முடிந்தது. சாவை நேசிக்கச் சொல்லும் அந்த நூலை உரைத்தவர் வாழ்நாளில் ஒரு போரும் பார்த்ததில்லை. 1700இல் தலைவர் இறந்தபோது கூடச் சாக விரும்பினார், தடை இருந்தது. தலையை மழித்துத் துறவியானார். திருவொற்றியூர்த் துறவியைப் போலவே இவரும் தலைவனோடு சாக முடியாமல் உயிரோடு தங்கிவிட்டவர். ஆனால் ஒருவர் போரில் வளர்ந்தவர், மற்றவர் அமைதியில் வளர்ந்தவர். அமைதியில் வளர்ந்தவர் சாவைப் பற்றி ஒரு நூல் முழுக்கப் பேசினார். சாமுராய் நெறி என்று உலகம் படிக்கும் நூல்களில் பெரும்பாலானவை சண்டை ஓய்ந்த பிறகு எழுதப்பட்டவை. இனாஸோ நிதோபே 'புஷிதோ' நூலை ஆங்கிலத்தில், அமெரிக்காவில் 1900இல் வெளியிட்டபோது சாமுராய் என்ற வகுப்பே சட்டப்படி இல்லை.

இலக்கியத்தை முழுதாக நம்பக்கூடாது என்பதற்கு இன்னொரு சான்று. 1184இல் இச்சி நோ தானி போரில் மினமோத்தோ பக்கத்து வீரன் குமகாய் நவோசானே, தன் மகன் வயதுள்ள தாய்ரா இளைஞன் அத்சுமோரியைக் கொல்ல நேர்ந்து, அந்த வேதனையில் துறவியானான் என்பது ஜப்பானியர் கண்ணீரோடு கேட்கும் கதை. காமகுரா ஆட்சியின் வரலாற்றேடு வேறொன்றைச் சொல்கிறது. 1192இல் உறவினனோடு நிலத்தின் எல்லைத் தகராறு. யோரித்தோமோவின் முன் வழக்கு தனக்கு எதிராகப் போவதைக் கண்டு கோபத்தில் குடுமியை அறுத்துக்கொண்டு வெளியேறினான் என்று எழுதியிருக்கிறது. இரண்டும் அவன் மனத்தில் இருந்திருக்கலாம். எப்படியானாலும் நிலம் அங்கே இருக்கிறது.

விசுவாசத்துக்கு எல்லை இருந்ததற்கு வேளைக்காரரே சாட்சி. இலங்கையில் முதலாம் விஜயபாகு சோழரை எதிர்க்கப் படை திரட்டியபோது, அவனிடம் பணிபுரிந்த வேளைக்காரர் கிளர்ந்தெழுந்தார்கள். தம் இனத்தார்மேல் வாளெடுக்க அவர்கள் இசையவில்லை. இலங்கையின் வரலாற்று நூலான சூளவம்சம் இதைச் சொல்கிறது. கிளர்ச்சி கொடுமையாக அடக்கப்பட்டது. ஆனால் விஜயபாகுவின் காலம் முடிந்தபின், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பொலன்னறுவையில் புத்தரின் பல் இருந்த பள்ளியைக் காக்கும் பொறுப்பு அதே வேளைக்காரரிடம்தான் போனது. அதை உறுதிசெய்யும் தமிழ்க் கல்வெட்டு அங்கே இன்றும் இருக்கிறது. வலங்கையும் இடங்கையும் வடுகரும் மலையாளரும் சேர்ந்த அந்தப் படை, ஒரு பௌத்தப் பள்ளியையும் அதன் ஊர்களையும் உடைமைகளையும் காப்பதாக வாக்குக் கொடுத்தது. மன்னர் மாறினாலும் காவல் என்ற தொழில் நின்று நிலைத்தது.

அந்தத் தொழில்தான் பிற்காலத்தில் தென்மாவட்டங்களைப் பிடித்திருந்தது. மதுரை நாயக்கர் ஆட்சியில் விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் வகுத்த 72 பாளையங்களைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். வருவாயில் ஒரு பங்கு நாயக்கருக்கு, ஒரு பங்கு படைக்கு, ஒரு பங்கு பாளையக்காரருக்கு என்பது வழக்கம். அதற்கும் கீழே ஊர்க்காவல் இருந்தது. காவல்காரனுக்கு அறுவடையில் கதிர்க்கட்டு உண்டு. மாடு களவுபோனால் அவனே மீட்டுத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். களவுபோனதைக் கண்டுபிடித்துத் தந்தால் துப்புக்கூலி. இதில் அடாவடியும் இருந்தது. காவல் கூலி கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போவதும் நடந்தது. உழவனும் அவன் வயலில் கூலிக்கு உழைத்தவனும் பட்ட பாட்டை மறைத்துவிட்டுக் காவல்காரனை மட்டும் போற்றுவது நேர்மையாகாது. ஜப்பானிலும் 1588இல் நாட்டை ஆண்ட ஹிதேயோஷி குடியானவர்களிடமிருந்த வாள்களையெல்லாம் பறித்த பிறகு, சாமுராயின் முன் உழவன் தலைகுனிந்தே வாழ்ந்தான்.

இனி இந்த உரைக்குத் தலைப்புத் தந்த இடத்துக்கு வருகிறேன். இரண்டு நாட்டிலும் அரசு ஒருநாள் வாளைக் கேட்டது.

இங்கே முதலில் கேட்டது. கட்டபொம்மனைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அந்த டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவின் அறிவிப்பு வந்தது. பாளையங்களில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும். ஒத்துவந்த பாளையக்காரர்கள் சிலர் ஜமீன்தார் ஆனார்கள். ஆனால் அவர்களுக்குக் கீழே இருந்த ஆயிரக்கணக்கான காவல்காரர்கள்? அந்த நூற்றாண்டிலேயே கம்பெனி அரசு தன் போலீசைக் கொண்டுவந்து காவல் உரிமையை ஒழிக்கப் பார்த்தது. கதிர்க்கட்டுக்கு மாற்றாக எதுவும் கொடுக்கவில்லை. வானம் பார்த்த பூமியில், பரம்பரைத் தொழில் குற்றமாகிவிட்ட நிலையில் அவர்களை விட்டுவிட்டது.

ஜப்பானில் 1876 மார்ச்சில் வாள் அணியத் தடை வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சாமுராய்களின் பரம்பரை அரிசிப்படியை நிறுத்திவிட்டு, அதற்கு ஈடாக அரசுக் கடன்பத்திரம் கொடுத்தார்கள். அது தாராளமான ஈடு என்று சொல்லமாட்டேன். விலைவாசி ஏற்றத்தில் பலருடைய பத்திரம் மதிப்பிழந்தது. கடை வைத்து நொடித்துப்போன சாமுராய் கேலிப்பொருளானான். 1877இல் சைகோ தகமோரியின் தலைமையில் சத்சுமாவில் பெரும் கிளர்ச்சி வெடித்து, திரிகையில் தானியம் போல அந்த வீரர்கள் அரசின் துப்பாக்கிப் படைமுன் அரைபட்டார்கள். ஆனால் மற்றொரு புறம் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த அந்த வகுப்பினருக்கு அலுவலகமும் பள்ளியும் படையும் திறந்திருந்தன. 1874இல் அமைந்த தோக்கியோ காவல்துறையில் சேர்ந்தவர்களில் மிகப் பலர் பழைய சாமுராய்கள். நேற்றுவரை ஊர் காத்தவன் இன்று சீருடை போட்டு ஊர் காத்தான்.

நம் காவல்காரனுக்கு என்ன கிடைத்தது? 1871இல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கள்ளர் சமூகப் பெரியவர்கள் அதை ரேகைச் சட்டம் என்பார்கள். பெருவிரல் ரேகை பதிய வேண்டும். இரவில் ஊரைவிட்டு வெளியே தங்கக் கூடாது, வெளியூர் போனால் அனுமதிச் சீட்டு வேண்டும். குற்றம் எதுவும் செய்யாதவனும், பிறந்த குடிக்காகவே இதற்கு உட்பட வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது போலீஸ் சுட்டது. பதினாறு பேர் செத்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அதன் பிறகுதான் கள்ளர் சீரமைப்பு என்ற பெயரில் பள்ளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் வரத் தொடங்கின. அந்தப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. படித்து மேலேறியவர்கள் அங்கிருந்து ஆயிரக்கணக்கில் வந்திருக்கிறார்கள். சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீங்கியது. தேசிய அளவில் 1952இல் நீங்கியது.

இரண்டு நாட்டிலும் காவல் காத்தவர்கள் இருந்தார்கள், இரண்டு நாட்டிலும் வாளைப் பறித்தார்கள். பிறகு வந்த வேறுபாட்டை வீரத்தின் அளவாலோ பண்பாட்டின் உயர்வாலோ விளக்க முடியாது. என்னைக் கேட்டால் காரணம் வெளிப்படையானது. ஜப்பானில் வாளைக் கீழே வைக்கச் சொன்ன ஓகுபோ தோஷிமிச்சியும் அவருடைய தோழர்களும் தாங்களே சாமுராய்கள். கிளர்ச்சி செய்த சைகோ, ஓகுபோவின் பால்யகால நண்பர். சொந்த வீட்டுப் பிள்ளைகளின் வயிற்றைப் பற்றி அவர்கள் யோசித்தாக வேண்டியிருந்தது. இங்கே வாளைப் பறித்தது ஒரு வணிகக் கம்பெனி. அதற்குக் காவல்காரன் செலவுக் கணக்கில் ஒரு வரி, அதன் பிறகு வந்த பிரிட்டிஷ் அரசுக்குக் குற்றப் பதிவேட்டில் ஒரு ரேகை. ஜப்பானியச் சாமுராயின் பேரன் தன் தாத்தாவைப் பற்றி உலகுக்குப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்த அதே பத்திருபது ஆண்டுகளில், நம் காவல்காரனின் பேரன் அந்திக்குள் காவல் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துக்குப் பதில் விரலை மையில் தோய்த்துக்கொண்டிருந்தான்.

1912 செப்டம்பரில் பேரரசர் மெய்ஜியின் இறுதி ஊர்வல நாளில் தளபதி நோகி தம் மனைவியோடு உயிரை மாய்த்துக்கொண்டதை, ஜுன்ஷியின் கடைசி நிழல் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. பெருங்காமநல்லூர் அதற்கு எட்டு ஆண்டுகளுக்குள் நடந்தது. அது தமிழ்நாட்டுப் பாடநூல்களுக்குள் நுழையவே பல பத்தாண்டுகள் பிடித்தன. பின்வரிசையில் இருக்கும் இளைஞர்கள் நோகியைப் பற்றி இணையத்தில் நிறையப் படிக்கலாம். மாயக்காளைப் பற்றிப் படிக்க உசிலம்பட்டிப் பக்கம் பேருந்து ஏறிப் போங்கள். பெருங்காமநல்லூரில் அந்தப் பதினாறு பேரின் நினைவுத்தூண் இருக்கிறது, ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 3 அன்று ஊர் கூடி மாலை போடுகிறது. போகிறவர்களோடு நானும் வருகிறேன். கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள்.